கேள்வித்தாள் அண்ணாச்சிக்கு முப்பதுக்கு முப்பது

தூத்துக்குடியில் கேள்வித்தாள் அண்ணாச்சியிடம் தோற்காத மனிதன் கிடையாது. கப்பல் கேப்டன் தோற்றிருக்கிறார். வரி கேட்டு வந்த முனிசிபாலிட்டிக்காரர் தோற்றிருக்கிறார். பக்கத்து வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை தோற்று, கையில் எடுத்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கடைசியாக ஒரு டாக்டர் தோற்றார். மற்றவர்களுக்காவது தாங்கள் தோற்றது தெரியும். அந்த டாக்டருக்கு இன்றுவரை தெரியாது. எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அதுதான் காரணம். இதை நான் சொல்வதற்கும் அதுதான் காரணம்.

எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். நடுவில் அவளைப் பற்றியும் வரும். அப்போதும் கை நிற்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அண்ணாச்சிக்குப் பெற்றவர்கள் வைத்தது பைபிளில் இருக்கிற பெயர். ஹார்பரில் அது யாருக்கும் தெரியாது. நாசரேத்துப் பக்கம் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அதற்கு மேலும் படித்து, ஒரு கப்பல் ஏஜெண்ட் கம்பெனியில் டாலி கிளார்க்காக வந்தவர். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கைக் கணக்குப் பிடிக்கிற வேலை. கிரேன் ஒரு தூக்கு இறக்கினால் அட்டையில் ஒரு கோடு. அடுத்த தூக்கு வரும்வரை சும்மா நிற்க வேண்டும். அண்ணாச்சிக்குச் சும்மா நிற்க வராது. அந்த இடைவெளியில் கீழே நிற்கிற எங்களைக் கேள்வி கேட்பார். அப்படித்தான் அந்தப் பெயர் வந்தது.

நான் விளாத்திகுளம் பக்கத்துக்காரன். மழை ஏமாற்றியதால் மூட்டை தூக்க ஹார்பருக்கு வந்தவன். வந்த புதிதில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே புதுப் பையா, ஒரு தூக்குல இருபது சாக்கு. நாலு சாக்கு கிழிஞ்சு போச்சு. மீதி எத்தன?"

"கிழிஞ்சாலும் சாக்கு சாக்குதான அண்ணாச்சி. கொட்டுனதை அள்ளித் திரும்பவும் எங்க தலையிலதான ஏத்துவாவ."

அவர் சிரித்த சிரிப்பில் அட்டையில் ஒரு கோடு விட்டுப்போய், இறக்கிய சரக்கை எல்லாம் மறுபடி அடுக்கி எண்ண வேண்டியதாயிற்று. கூட நின்றவர்கள் என்னை அடிக்க வந்தார்கள். அவர் மட்டும் சாயங்காலம் டீ வாங்கிக் கொடுத்து, "பதிலுக்குப் பூஜ்யம். ருசிக்குப் பத்துக்கு ஒன்பது" என்றார். அன்றைக்குப் பிடித்த சிநேகம். அவர் கேட்பார், நான் தப்பாகச் சொல்லுவேன். ஒரு தடவை நான் தற்செயலாகச் சரியாகச் சொல்லிவிட்டேன். அன்று முழுக்க அவருக்கு முகமே சரியில்லை.

மார்க் போடாமல் அவரால் எதையும் விழுங்க முடியாது. டீக்கு மார்க். பொரிச்ச பரோட்டாவுக்கு மார்க். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கும் மார்க். பாவம், அந்தப் போதகர் பீடத்திலிருந்து இறங்கியதும் சபையாரை விட்டுவிட்டு முதலில் இவர் முகத்தைத்தான் பார்ப்பார். ஒருமுறை லைபீரியா கொடி போட்ட கப்பல் ஒன்று வந்தது. அதன் கேப்டனிடம் போய் லைபீரியாவின் தலைநகரம் எது என்று இங்கிலீஷில் கேட்டார். கேப்டன் முழித்தார். அவர் அந்த நாட்டுக்காரரே இல்லை, கொடி மட்டும்தான் அந்த நாடு. "தெரியாத ஊர்க் கொடியை எதுக்குக் கட்டிட்டு வாரான்?" என்று அண்ணாச்சி ஒரு வாரம் பொருமிக்கொண்டிருந்தார்.

சாவு வீட்டிலும் விடமாட்டார். சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலியைக் கண்ணாடி போட்டுப் படித்துப் பேனாவை எடுத்துவிடுவார். ஒருதரம் செத்தவரின் மகனே வந்து கையைப் பிடித்தான்.

"அண்ணாச்சி, செத்தது எங்கப்பா."

"அதுக்காக அவரு பிழையோடயா போகணும்?"

அந்த மகன் அழுகிற அழுகையிலும் சிரித்துவிட்டான். இப்படிப்பட்ட மனிதரோடு நாற்பது வருஷத்துக்கு மேல் பழகியிருக்கிறேன். கேள்விகள் நின்றாலும் பிழைப்பு ஓடும் என்று நினைத்தவனில்லை நான்.

மதினி, அதாவது அவர் வீட்டம்மா, தவறிப்போன பிறகுதான் மாற்றம் தெரிந்தது. முதலில் டீக்கடையில். ஒரு கேள்வி கேட்டார், தப்பாகச் சொன்னேன், சிரித்தார். டீ ஆறுவதற்குள் அதே கேள்வி. அதே தப்பைச் சொன்னேன், புதிதாகச் சிரித்தார். மூன்றாம் தடவையும் வந்தது. என்னைக் கேலி பண்ணுகிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன். பிறகு ஒரு நாள் காலையில் மீன் வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டு, திரும்ப வந்து மீன் வாங்கினார். பிறகு செருப்பைப் பிரிட்ஜில் வைத்தார். அதையும் வயசு என்று தள்ளிவிட்டேன்.

தள்ள முடியாதது ஸ்கூட்டர்தான். எண்பதைத் தாண்டியும் ஸ்கூட்டர் ஓட்டுவார். ஒரு நாள் விடிந்ததும் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

"எங்க அண்ணாச்சி?"

"கப்பல் வந்துட்டுலே. பெர்த்துல நிக்கி. டாலி போடாண்டாமா?"

அவர் ரிட்டயர் ஆகி, அந்தக் கம்பெனியே இல்லாமல் போய், சரக்கு எல்லாம் பூட்டின இரும்புப் பெட்டியாக வந்து பூட்டின பெட்டியாகப் போகிற காலம் இது. ஹார்பர் ரோட்டைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். கன்டெய்னர் லாரி ஒன்றின் பின்னால் ஒன்றாக, ஒரு தெருவே நகர்ந்து போவதுபோல் போகும். அதற்கு நடுவில் இந்த மனிதர் இல்லாத கப்பலைத் தேடி ஸ்கூட்டரில் போகிறார். 

அவர் மகள் எஸ்தரிடம் போய்ச் சொன்னேன். பேங்கில் அதிகாரி. கல்யாணம் ஆகி மாப்பிள்ளையோடு அப்பா வீட்டில்தான் இருக்கிறாள். என்னைச் சித்தப்பா என்பாள். முதலில் நம்பவில்லை. "அப்பாவுக்கா? இங்கிலீஷ் பேப்பரை ஒரு எழுத்து விடாம படிக்காங்களே சித்தப்பா" என்றாள். நான் விடவில்லை. அந்தச் சமயம் பார்த்து ஒரு கல்யாண மண்டபத்தில் ஞாபக மறதிக்கு இலவச முகாம் வந்தது. எந்த ஆஸ்பத்திரி நடத்தியது என்று சொல்ல மாட்டேன். சொன்னால் மருமகள் எழுத மாட்டாள். எஸ்தருக்கு லீவு இல்லை. என்னையே கூட்டிப்போகச் சொன்னாள்.

மறதி என்று சொன்னால் அண்ணாச்சி படியிறங்க மாட்டார். ஞாபகத்துக்குப் பரீட்சை வைக்கிறார்கள் என்று சொன்னேன். பரீட்சை என்ற சொல்லைக் கேட்டதும் அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். குளித்து, தேய்த்த சட்டை போட்டு, பையில் இரண்டு பேனா குத்திக்கொண்டு வந்து நின்றார். ஒரு நிபந்தனையும் போட்டார்.

"நீயும் எழுதணும்லே. ஒத்தையில எழுதி மொதல் மார்க் வாங்குறதுல என்ன மரியாத இருக்கு?"

சரி என்றேன். அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது.

மண்டபத்து வாசலில் பேனர். பணம் கொடுத்தவர்களின் முகங்கள், ஒவ்வொன்றும் குடம் அளவுக்கு. பரீட்சை என்ற எழுத்தை மட்டும் காணவில்லை என்று அண்ணாச்சி குறைப்பட்டார். உள்ளே மேஜை போட்டு ஒரு இளம் டாக்டர். பார்க்க நல்ல பிள்ளை. வெளியே பெரிய வரிசை. ஒவ்வொருவரையும் சீக்கிரம் முடித்து அனுப்புகிற அவசரம் அவருக்கு.

முதலில் அண்ணாச்சி. என்ன வருஷம், என்ன மாதம், என்ன கிழமை என்று டாக்டர் கேட்டார். வாசல் பேனரில் பார்த்ததை எல்லாம் அண்ணாச்சி ஒப்பித்துவிட்டு, இதே தேதி போன வருஷம் என்ன கிழமை என்று டாக்டரைத் திருப்பிக் கேட்டார். டாக்டருக்குத் தெரியவில்லை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். அது அண்ணாச்சி பல் தேய்க்கும்போது செய்கிற வேலை. டாக்டர் நிறுத்தச் சொன்ன பிறகும் கழித்துக்கொண்டே போனார். ஒரு சொல்லைத் தலைகீழாக எழுத்துக்கூட்டச் சொன்னார். தமிழிலா இங்கிலீஷிலா என்று கேட்டார். படத்தைப் பார்த்து வரையச் சொன்னார். அச்சில் இருந்த படத்தைவிட இவர் வரைந்தது நேராக இருந்தது.

மாம்பழம், மேஜை, சாவி என்று மூன்று பெயரைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துக் கேட்பேன் என்றார் டாக்டர். அப்போது நான் ஒன்றைப் பார்த்தேன். அண்ணாச்சியின் பெருவிரல், மேஜைக்குக் கீழே, சுண்டுவிரல் கணுக்களில் ஒவ்வொன்றாகத் தொட்டு அங்கேயே நின்றது. டாலிக்காரர்களின் பழக்கம் அது. மழையில் அட்டை நனையும்போது சரக்கின் பெயரை விரல் கணுவில் வைத்துக்கொள்வார்கள். பெருவிரல் எடுக்காதவரை பெயர் போகாது. டாக்டர் கேட்டதும் மூன்றையும் முன்னாலும் பின்னாலும் சொன்னார். டாக்டர் காகிதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். விரலைப் பார்க்கவில்லை.

முப்பதுக்கு முப்பது. "இன்னொரு தடவ கூட்டிப் பாத்துருங்க டாக்டர்" என்றார் அண்ணாச்சி, ரொம்பத் தாழ்மையாக.

அடுத்து நான். எனக்கு இடது காது மந்தம். கிரேன் சத்தத்தில் போனது. டாக்டர் அந்தக் காதுப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். இது எத்தனையாவது மாடி என்று கேட்டார். மண்டபத்துக்கு மாடியே இல்லையே என்றேன். அது தப்பாம், தரைத்தளம் என்று சொல்ல வேண்டுமாம். நூறிலிருந்து ஏழைக் கழிக்கச் சொன்னார்.

"எதுக்கு டாக்டர்?"

"சும்மா கழிங்க."

"சும்மா யாராவது கழிப்பாவளா?"

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். பென்சிலைக் கொடுத்துப் படத்தைப் பார்த்து வரையச் சொன்னார். சாக்குத் தைக்கிற ஊசியைப் பிடித்த கைக்குப் பென்சில் நிற்கவில்லை. லாரி ஏறின நண்டு மாதிரி ஒன்று வந்தது. பிறகு, மனதில் தோன்றுகிற ஒரு வாக்கியத்தை எழுதச் சொன்னார். நான் அவர் பேனாவைக் கழற்றி, பெருவிரலில் மையைத் தடவி, காகிதத்தில் உருட்டிவிட்டேன்.

"வாக்கியம் எழுதச் சொன்னேன் ஐயா."

"டாக்டர், எனக்கு இதுதான் எழுத்து. ரேஷன் கடையில ஏத்துக்கிடுதாவ."

மூன்று பெயரில் இரண்டுதான் எனக்கு வந்தது. சாவி போய்விட்டது. அண்ணாச்சியின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு எங்கே நிற்கும்?

பாதி மார்க்கூட வரவில்லை. டாக்டர் முகத்தில் வருத்தம் வந்தது. அந்த வருத்தம் நிஜம், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவர் என்னிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. என் தலைக்கு மேலே அண்ணாச்சியிடம் பேசினார்.

"சார், நல்லவேளை இவரைக் கூட்டிட்டு வந்தீங்க. இவரைத் தனியா வெளியில விடாதீங்க. அடுப்புப் பக்கம் விடாதீங்க. வண்டி கிண்டி ஓட்ட விடாதீங்க. நீங்கதான் பொறுப்பா பாத்துக்கணும்."

என்னிடம் இருப்பது ஒரு சைக்கிள். அதிலும் காற்று இல்லை.

"டாக்டர், மறதி எனக்கில்ல. அவருக்குத்தான். நான்தான் அவரக் கூட்டிட்டு வந்தேன்" என்றேன்.

டாக்டர் அண்ணாச்சியைப் பார்த்துச் சிரித்தார். "பெரும்பாலும் இப்படித்தான் சொல்வாங்க சார். தனக்கு இருக்குன்னு ஒத்துக்க மாட்டாங்க. நீங்க எதிர்த்துப் பேசாதீங்க. தலையை ஆட்டிடுங்க."

அண்ணாச்சி தலையை ஆட்டினார்.

நான் ஸ்கூட்டரைச் சொன்னேன், செருப்பைச் சொன்னேன், இல்லாத கப்பலைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்குத்தான் நோய் முற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் குரல் உயர்ந்துவிட்டது. கோபம் வருவதும் ஒரு அறிகுறி என்று ஒரு நர்ஸ் என் முதுகைத் தடவினாள். பள்ளிக்கூடம் போகாதவன் கோபப்பட்டால் அது அறிகுறி. படித்தவர் கோபப்பட்டால் அதற்குப் பெயர் கண்டிப்பு.

என் பெயரும் மருமகள் போன் நம்பரும் எழுதிய சீட்டை அண்ணாச்சி கையில் கொடுத்தார்கள், பொறுப்பானவர் என்று. நாங்கள் ஸ்கூட்டரில் திரும்பினோம். பின்னால் நான், நோயாளி. ரயில்வே கேட் போட்டிருந்தது. வண்டியை நிறுத்தினார். இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருந்தன, பெருவிரல் எந்தக் கணுவிலும் இல்லை. திரும்பாமலே கேட்டார்.

"சுடலை, நாம எங்கலே போயிக்கிட்டு இருக்கோம்?"

எனக்குத் தெரிந்து, அவர் வாழ்நாளில் பதில் தெரியாமல் கேட்ட முதல் கேள்வி அது.

"வீட்டுக்கு அண்ணாச்சி" என்றேன். சரியா தப்பா என்று அவர் சொல்லவில்லை.

அதன்பிறகு என் வீட்டில் நடந்ததை என்னவென்று சொல்ல? மருமகள் தீப்பெட்டியை ஒளித்துவைத்தாள். கை நிற்கிறது பார், எழுது. தீப்பெட்டியை ஒளித்துவைத்தாள். நான் கழிப்பறைக்குப் போனால் வெளியே நின்று, "மாமா, இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்தாள். தெருவில் எல்லோரும் என்னிடம் சத்தமாகவும் மெதுவாகவும் பேச ஆரம்பித்தார்கள். முடி வெட்டுகிறவன், "நான் யாரு சொல்லுங்க பாப்போம்" என்றான். கத்தரிக்கோல் அவன் கையில் இருந்ததால் பிழைத்தான். இத்தனைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது அண்ணாச்சிதான். "சுடலைக்குப் பாதி மார்க்கூட வரல. பாவம், நல்ல மனுசன்" என்று டீக்கடையில் சொல்லுவார். சொன்னதை மறந்து மறுபடியும் சொல்லுவார்.

எஸ்தரிடம் போனேன்.

"முப்பதுக்கு முப்பது சித்தப்பா. பேங்க் பரீட்சையில நானே இவ்வளவு வாங்கல."

"அது உங்கப்பா வாங்குனது இல்லம்மா. அவரு படிச்ச பள்ளிக்கூடம் வாங்குனது. அவரு அதுக்குப் பின்னால ஒளிஞ்சு நிக்காரு. கொஞ்சம் எட்டிப் பாரு."

"நீங்க மொதல்ல உங்க மாத்திரையை ஒழுங்கா சாப்பிடுங்க சித்தப்பா" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். எனக்கு யாரும் மாத்திரையே கொடுக்கவில்லை.

ஏறக்குறைய ஒரு வருஷம் இப்படிப் போனது. ஒரு நாள் மத்தியானம் நான் சோறு தின்றுகொண்டிருக்கும்போது மருமகளுக்குப் போன் வந்தது. ஹார்பர் கேட்டிலிருந்து. "சுடலைங்கிறவர் இங்க கேட்டுக்குள்ள போகணும்னு நிக்கிறார். பையில சீட்டு இருக்கு, மறதி நோயாம். வந்து கூட்டிட்டுப் போங்க" என்றான் காவல்காரன். மருமகள் போனைக் காதில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். காவல்காரன் போனில் சொன்னதைத்தான் ஒரு நிமிஷம் அவள் நம்பினாள். அதை இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

ஓடிப்போய்ப் பார்த்தால் அண்ணாச்சி. முழங்கை கிழிந்திருந்தது. ஸ்கூட்டர் லாரி டயருக்குப் பக்கத்தில் கிடந்தது. லாரி டிரைவர் வடநாட்டுப் பையன், எல்லோரையும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றான். சட்டைப்பையில் என் பெயர் போட்ட சீட்டு, பத்திரமாக. பொறுப்பானவர் அல்லவா. என்னைப் பார்த்ததும், "எங்கலே போயிட்ட? உன்னத்தான் தேடிட்டு இருக்கேன்" என்றார். அன்று சாயங்காலம் மருமகள் தீப்பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். எஸ்தர் அப்போதும் அசையவில்லை. லாரிக்காரனைத்தான் திட்டினாள். படித்த மகளுக்கு அந்த முப்பது மார்க் அவ்வளவு பெரிய சுவர்.

சுவர் விழுந்தது வேறு விதமாக. மதினிக்கு இரண்டாம் வருஷ நினைவு நாள் வந்தது. எஸ்தர் பேப்பரில் போட விளம்பரம் அடித்து, பிழை பார்க்க வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மதினியின் படம், பெயர், கீழே ஒரு வசனம். நானும் அங்கே இருந்தேன். அண்ணாச்சி கண்ணாடியை மாட்டி, சிவப்புப் பேனாவை எடுத்து, இரண்டு இடத்தில் திருத்தினார். இரண்டும் சரியான பிழைகள். ஒரு காற்புள்ளி போட்டார். பிறகு படத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"லெட்சணமான முகம். யாரு இந்தம்மா? நமக்கு வேண்டியவங்களா?"

 எஸ்தர் எழுந்துபோய் ஆணியில் தொங்கிய ஸ்கூட்டர் சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். 

பாளையங்கோட்டையில் ஒரு வயசான டாக்டரம்மாவிடம் போனோம். அந்த அம்மா முதலில் அண்ணாச்சியிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எங்களைக் கேட்டார். "முன்னால தானாச் செஞ்சு இப்ப செய்யாம விட்டது என்ன?" என்றார். எஸ்தர் யோசித்து யோசித்துச் சொன்னாள். தானே போட்டுக் குடிக்கிற காப்பி. பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள். நான், "புதுக் கேள்வி கேட்டு ரொம்ப நாளாச்சும்மா. பழசத்தான் திருப்பித் திருப்பிக் கேக்காரு" என்றேன். அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

பிறகுதான் விவரமாகச் சொன்னார். நிறையப் படித்தவர்களுக்கு மூளையில் அடுக்கடுக்காகச் சேர்த்து வைத்திருப்பதால், உள்ளே கரைய ஆரம்பித்தாலும் மார்க் குறைய நாளாகுமாம். அவர்களுக்கு ஒரே ஒரு மார்க் குறைந்தால்கூட உற்றுப் பார்க்க வேண்டுமாம். மார்க் குறையாவிட்டாலும் வீட்டு ஆட்கள் சொல்வதைக் கேட்க வேண்டுமாம். பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும், வயசு கூடினவர்களுக்கும், காது கண் மங்கினவர்களுக்கும் அளவே வேறாம். எழுதுவதும் வரைவதும் இல்லாத கேள்விகள் தனியாக இருக்கிறதாம். என்னிடம் அந்தக் கேள்விகளைக் கேட்டார், வலது காதுப் பக்கம் உட்கார்ந்து. முடிவில், "உங்களுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க பள்ளிக்கூடம் போகல, அவ்வளவுதான்" என்றார்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரிக்கு அளவு வேறு என்பது தெரியாதா? தெரிந்தும் ஒரே தராசில் எல்லோரையும் தூக்கிப் போட்டார்களா? நான் எத்தனை தடவை சொன்னேன்? கைநாட்டு என்பதால்தானே என் பேச்சு காற்றில் போனது? அண்ணாச்சி லாரிக்கு அடியில் போயிருந்தால் அந்த முப்பது மார்க்கை யார் கழுத்தில் மாலையாகப் போடுவது? சத்தமாகவே கேட்டேன். எஸ்தர் என் கையைப் பிடித்தாள். டாக்டரம்மா, "விடும்மா. கோபப்படட்டும். நியாயந்தான்" என்றார்.

முன்பே வந்திருந்தால் குணமாகியிருக்குமா என்று எஸ்தர் கேட்டாள். குணமாகாது, ஆனால் கொஞ்சம் நாள் தள்ளிப் போட்டிருக்கலாம், அவர் தெளிவாக இருக்கும்போதே பேசவேண்டியதைப் பேசியிருக்கலாம் என்றார் அந்த அம்மா. வருகிற வழியில் பஸ்ஸில் எஸ்தர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அம்மாவைப் பத்தி அப்பாகிட்ட எவ்வளவோ கேக்கணும்னு இருந்தேன் சித்தப்பா. மார்க்கைக் காட்டி நானே தள்ளிப் போட்டுட்டேன்" என்றாள். அவளை என்ன சொல்ல? அவளுக்கும் பள்ளிக்கூடம்தான் கற்றுக்கொடுத்தது, மார்க் பொய் சொல்லாது என்று.

மருந்து ஆரம்பித்தார்கள். ஆனால் அண்ணாச்சியை வீட்டில் நிறுத்துவது யார்? சாயங்காலமானால் செருப்பைத் தேடுவார். கூட வருகிறோம் என்றால், "நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று கதவை உதைப்பார். எஸ்தரையே ஒரு நாள் தள்ளிவிட்டுவிட்டார். ஸ்கூட்டர் எங்கே என்று தெருவையே கூட்டினார். என்ன செய்வது என்று தெரியாமல் நான் வாசலில் நின்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அண்ணாச்சி, என்னத் தனியா விடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருலா. நீங்கதான பொறுப்பு. வண்டியில ஏறுனா எனக்குத் தல சுத்துது. நடத்திக் கூட்டிட்டுப் போங்க."

அவர் நின்றார். முகம் மாறியது. பழைய கிளார்க் முகம். "அதான, ஒன்ன எப்படி ஒத்தையில விடுறது?" என்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு இறங்கினார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவர் என்னை பீச் ரோட்டுக்குக் கூட்டிப் போகிறார். வழியில் பார்க்கிறவர்களிடம், "நம்ம சுடலைக்குக் கொஞ்சம் மறதி. ஆள் இல்லாம முடியாது" என்கிறார். நான் தலையை ஆட்டுகிறேன். திருப்பம் வந்தால் அவர் கால் தயங்கும். நான் அரை அடி முன்னால் எந்தப் பக்கம் சாய்கிறேனோ அந்தப் பக்கம் திரும்பி, "அப்படி இல்லலே, இப்படி" என்று என்னை அதட்டுவார். எனக்கு நோய் இல்லை என்று தெருவில் சொல்லிவிடலாமா என்று மருமகள் கேட்டாள். மூச்சு விடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். முடி வெட்டுகிறவன் வேண்டுமானால் இன்னும் நாலு தடவை அவன் யார் என்று கேட்கட்டும்.

நேற்றும் போனோம். கிரேட் காட்டன் ரோட்டைத் தாண்டும்போது லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அண்ணாச்சி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். 

"பயப்படாத சுடலை, நான் இருக்கேன்லா. கைய மட்டும் விட்டுராத, தொலஞ்சிருவ."

நான் விடவில்லை.